ஊதா நிறச் சோறு

கொரியாவுக்குப் போன முதல் வாரம் நான் ஆக்கியது சோறே அல்ல, களி. கைப்பழக்கத்தில் ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டேன். அங்கே கிடைப்பது குட்டையான, பசை மிகுந்த அரிசி. கழுவி அரை மணி நேரம் ஊறப்போட்டால், ஒன்றுக்கு ஒன்றேகால் தண்ணீரே அதிகம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. ரசத்தில் கரைத்துக் குடித்துவிட்டு லேபுக்குக் கிளம்பினார். காங்கயத்துக்காரருக்குக் களி புதுசா என்ன?

நாங்கள் இருப்பது சியோலுக்குத் தெற்கே, சுவோனில். மாடியில் நாங்கள், கீழே வீட்டுச் சொந்தக்காரர்கள். அந்த அம்மாவை ‘இமோ’ என்று கூப்பிடுவேன். அம்மாவுடன் பிறந்த பெண்களை அழைக்கும் சொல் அது. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண்களையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். (கொரியாவிலும் அப்பாவை ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள் என்று ஊரில் ஒறம்பரை அத்தனை பேரும் எனக்கே பாடம் எடுத்தாயிற்று. அதை விடுங்கள்.)

ஒருநாள் என் அடுப்படியை எட்டிப் பார்த்த இமோ, வெறும் வெள்ளைச் சோற்றைக் கண்டு உதட்டைப் பிதுக்கினார். மறுநாள் ஒரு டப்பா நிறைய ‘ஜப்கோக்’ வந்தது. கலந்த தானியம் என்று அர்த்தம். கையில் அள்ளிப் பார்த்தால் பாதிக்கு மேல் தெரிந்த முகங்கள். தினை அங்கே ‘ஜோ’. பனிவரகு ‘கிஜாங்’. சோளம் ‘சுசு’. பார்லியும் கறுப்பரிசியும் கறுப்புச் சோயாவும்தான் எனக்குப் புதிது. கடைகளில் 15 தானியம், 25 தானியம் என்று எண்ணிக்கை போட்டே பைகள் அடுக்கியிருப்பார்கள். 25 எல்லாம் சும்மா பெருமைக்கு; ஆறுக்கு மேல் போனால் எதன் ருசியும் நாக்குக்குத் தெரிவதில்லை.

ஆர்வத்தில் அப்படியே குக்கரில் கொட்டி, கண்ணில் பட்ட பொத்தானை அமுக்கினேன். அங்கத்தி மின்சார குக்கர் வாய் ஓயாமல் பேசும். எனக்கு ஒரு வார்த்தையும் விளங்காத காலம். நான் அமுக்கியது வெள்ளை அரிசிக்கான பொத்தான் என்பது, சோயா பல்லில் கல்லாக மாட்டியபோதுதான் தெரிந்தது. இமோ மேலே வந்து, கலப்புத் தானியத்துக்கான பொத்தானில் சிவப்புப் பொட்டு ஒன்றை ஒட்டினார். அப்புறம் கணக்கு சொன்னார்: ஏழு பங்கு அரிசிக்கு மூன்று பங்கு தானியம். பயறு வகை ராத்திரியே ஊற வேண்டும். தவிடு நீக்காத அரிசிக்கு இரண்டு மணி நேரமாவது வேண்டும். தினையும் பனிவரகும் ஊறவே வேண்டாம், கழுவிப் போட்டால் போதும். கறுப்பரிசி ஒரே ஒரு ஸ்பூன். அதற்கே மொத்தச் சோறும் கத்திரிப்பூ நிறத்துக்கு வந்துவிடும். இரண்டாவதாகக் கழுவும் தண்ணீரைக் கொட்டக் கூடாது, குழம்புக்கு அதுதான். எங்கள் ஊரில் அந்தத் தண்ணீர் எருமைக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை.

இமோ பள்ளிக்கூடம் போன 1960-70களில் கொரியாவில் அரிசித் தட்டுப்பாடு. அரிசியோடு பார்லியோ வேறு தானியமோ கலந்துதான் சாப்பிட வேண்டும் என்று அரசாங்கமே வற்புறுத்தியது. மத்தியான நேரம் வாத்தியார் ஒவ்வொரு தூக்குப்போசியாகத் திறந்து பார்ப்பாராம். வெறும் வெள்ளைச் சோறு இருந்தால் திட்டு விழும். ஆனால் இமோவின் வீட்டுக்காரருக்குக் கதை வேறு. எழுபதைத் தாண்டியவர். சின்ன வயதில், பழைய அரிசி தீர்ந்து பார்லி அறுப்புக்கு வராத வசந்த மாதங்களைப் பட்டினியாகக் கடந்தவர். அந்தக் காலத்துக்கு ‘பார்லி மேடு’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இமோ எவ்வளவு பாடுபட்டுச் சமைத்தாலும் அவர் பார்லியைக் கரண்டியால் ஒதுக்கிவிடுவார். “எனக்கு எழுதின பார்லியை இருபது வயசுக்குள் தின்று தீர்த்துவிட்டேன்” என்பார்.

அவர்களுடைய சந்திரக் கணக்கில் வருடத்தின் முதல் பௌர்ணமிக்கு ஐந்து தானியச் சோறு. சில வருடம் நம் தைப்பூசத்தை ஒட்டி வரும், சில வருடம் மாசி மகத்தை ஒட்டி. வேறு வேறு குடும்பப் பெயர் கொண்ட மூன்று வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டால் அதிர்ஷ்டம் என்பது பழக்கம். இமோ கிண்ணத்தோடு மாடி ஏறி வந்து, “உங்கள் பெயர் யாருக்கும் இருக்காது, நல்ல சோறாகப் போடு” என்றார். அன்றைக்கு நான் போட்டது அரிசியும்பருப்பும். எங்கள் ஊரில் அதுதான் நல்ல சோறு.

இந்த வைகாசியில் ஊருக்கு வந்தபோது இதை இங்கேயும் ஆக்கிப் பார்க்க ஆசை. சோயாவுக்குப் பதில் தட்டைப்பயிறு, கறுப்பரிசிக்குப் பதில் கருப்புக் கவுனி, அரிசிக்குப் பொன்னி. தினை, பனிவரகு, சோளம் காங்கயத்துச் சந்தையிலேயே கிடைத்தன. கவுனியும் சோளமும் பயிறும் ராத்திரி முழுக்க ஊறின. பொன்னி என்பதால் தண்ணீர் பழையபடி இரண்டரைக்கே திரும்பியது. சிறு தீயில் நாலு விசில். மூடியைத் திறந்ததும் அம்மா, “என்ன கண்ணு, போசியில சாயம் கீது போச்சா?” என்றாள்.

வட்டலில் போட்டு ஆத்தாவிடம் நீட்டினேன். அப்பாவைப் பெத்தவள், எண்பத்தி ரெண்டு வயசு. 1955இல் பவானிசாகர் அணை முடிந்து கீழ்பவானி வாய்க்கால் போன பக்கமெல்லாம் நெல் வந்தது. ஆத்தா வாக்கப்பட்டது வாய்க்கால் எட்டாத மேட்டுக்காட்டுக்கு. விடியுமுன் எழுந்து சோளத்தை உரலில் இடித்து, புடைத்து, குருணையை உலையில் போட்டு, அது வெந்த பிறகு மாவைக் கரைத்து விட்டுக் கிண்டியவள். நெல்லுச்சோறு நோம்பிக்குத்தான்.

“அந்தச் சீமையில இதையா சாமி திங்கறீங்க?” என்றாள்.

“ஆமாங்காத்தா. காசு குடுத்து வாங்கோணும்.”

மோர் கேட்டாள். ஊற்றினேன். இரண்டு வாய் சாப்பிட்டாள். அப்புறம் விரல் நுனியால் சோளத்தை ஒவ்வொன்றாக வட்டலின் ஓரத்துக்குத் தள்ள ஆரம்பித்தாள்.