நைட்ரைட் இறங்கும்வரை

மார்ச் 9
இரண்டடி தொட்டி. மணலும் கல்லும் போக 60 லிட்டர் தண்ணீர். ஸ்பான்ஜ் ஃபில்டர் ஓடுகிறது, மீன் இல்லை. மீன் கழிவிலிருந்து வரும் விஷம் அமோனியா. அதைத் தின்னும் பாக்டீரியா முதலில் வளரட்டும் என்று நானே அமோனியா ஊற்றுகிறேன். அமோனியம் குளோரைடு 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்திருக்கிறேன். அதில் 36 மில்லி ஊற்றினால் தொட்டியில் அமோனியா 2 பி.பி.எம். (லிட்டருக்கு 2 மில்லிகிராம்). ஊற்றியாச்சு.

மார்ச் 13
டெஸ்ட் கிட்டில் அமோனியா 2. அசையவில்லை.

மார்ச் 16
2. பாப்பா தினமும் கேட்கிறாள், "மீன் எப்பப்பா வரும்?"

மார்ச் 20
அமோனியா 1. நைட்ரைட் (அமோனியா மாறி வரும் அடுத்த விஷம்) டெஸ்ட் குழாயில் முதல் ஊதா! அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா வந்துவிட்டது. அது தங்கும் இடம் ஸ்பான்ஜும் கல்லும் மணலும்தான், தண்ணீரில் மிதப்பது சொற்பம். அதனால்தான் ஸ்பான்ஜைக் குழாயடியில் கழுவக் கூடாது. குளோரின் பட்டால் மொத்தமும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் இரண்டு தடவை பிழிந்தால் போதும்.

மார்ச் 24
அமோனியா 0. நைட்ரைட் அடர் ஊதா, டெஸ்ட் கிட் நிற அட்டையின் கடைசிக் கட்டம். 2 பி.பி.எம். அமோனியா முழுதும் மாறினால் நைட்ரைட் 5-ஐத் தாண்டும், கணக்கு சரிதான். இனி அமோனியா பாதி அளவு, 18 மில்லி, அதுவும் 0 ஆன பிறகு மட்டும். பலர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து மீனை விடுகிறார்கள். தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும். நைட்ரைட் ரத்தத்தில் ஏறி, செவுள் வேகமாக அடித்து, மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

மார்ச் 25
கரண்ட் இல்லை, மதியம் முழுக்க. தண்ணீர் 31 டிகிரி. சூடு ஏற ஏற ஆக்சிஜன் கரைவது குறையும், பாக்டீரியாவுக்கும் அது வேண்டும். பேட்டரி பம்ப் மாட்டினேன். ஏர் பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் செக் வால்வு (ஒருவழி அடைப்பான்) கட்டாயம். இல்லையென்றால் கரண்ட் போன நொடியில் தண்ணீர் பின்னால் இறங்கி பம்புக்குள் போய்விடும்.

மார்ச் 29
ஊதா.

ஏப்ரல் 1
கொளத்தூர், சென்னையின் வண்ண மீன் சந்தை. பார்க்க மட்டும்.

தனி மீனைப் பார்க்கக் கூடாது, தொட்டியைப் பார்க்க வேண்டும். ஒரு செத்த மீன் கிடந்தாலும் அந்தத் தொட்டி வேண்டாம். துடுப்பைச் சுருக்கிக்கொண்டு மூலையில் நிற்பது, வயிறு ஒட்டிப்போனது, வெள்ளை நூல்போலக் கழிவு தொங்குவது, கல்லில் உடம்பை உரசுவது: எதுவானாலும் வேண்டாம். கடைக்காரரிடம் ஒரு சிட்டிகை தீனி போடச் சொல்ல வேண்டும். ஓடிவந்து கவ்வாத மீன் வீட்டிலும் தின்னாது. எல்லாத் தொட்டிக்கும் ஒரே வலையா என்றும் கவனிக்க வேண்டும்.

ஒரு கடையில் கண்ணாடி மீன்கள், முதுகில் பச்சை, ஆரஞ்சு. ஊசியால் ஏற்றிய சாயம். சில மாதத்தில் மங்கிவிடும், ஊசி போட்ட இடம் புண்ணாகும். வயிறு எரிந்தது. பக்கத்திலேயே 'டேங்க் கிளீனர்' என்று விற்கும் சக்கர் மீன், விரல் நீளக் குஞ்சு. அது ஒன்றரை அடி வளரும். வளர்ந்ததும் ஏரியில் விடுகிறார்கள். தமிழ்நாட்டு ஏரிகளில் வலையைக் கிழிப்பது அதுதான். மிஸ் கேரளா மேற்குத் தொடர்ச்சி மலை ஆற்று மீன், அழியும் நிலையில் இருப்பது. பண்ணையில் பொரித்தது என்று உறுதியாகத் தெரியாமல் வாங்கவே கூடாது.

ஏப்ரல் 4
ஊதாதான். ஆனால் வெளிறியிருக்கிறது. ஜன்னலோரம் வைத்து இரண்டு தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 8
0!! 36 மில்லி முழு அளவு ஊற்றி, 24 மணி நேரம் கழித்து அமோனியா 0, நைட்ரைட் 0. நைட்ரைட் மாறி வரும், விஷம் குறைந்த நைட்ரேட் 40. (நைட்ரேட் டெஸ்ட்டின் இரண்டாம் பாட்டிலை அரை நிமிடம் நன்றாகக் குலுக்கணும். அடியில் படியும், குலுக்காவிட்டால் குறைத்துக் காட்டும்.)

ஏப்ரல் 9
முக்கால் தண்ணீர் மாற்றினேன். மெட்ரோ தண்ணீரில் குளோரின் வாடை, லிட்டருக்கு 10 மில்லிகிராம் சோடியம் தயோசல்பேட். போர் தண்ணீர் கடினம், பி.எச். 7.8. அதற்கேற்ற மீன் பிளாட்டி. நியான் டெட்ராவுக்கு இந்தத் தண்ணீர் ஒத்துவராது. பி.எச். 7-ல் அமோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்குகூட விஷ வடிவில் இருக்காது, 8-ல் ஆறு பங்கைத் தாண்டும். நம் ஊர்த் தண்ணீரில் அமோனியாவுக்குச் சலுகையே கிடையாது.

ஏப்ரல் 11
பிளாட்டி ஆறு: ஆண் 2, பெண் 4. நேராகப் பெரிய தொட்டிக்கு இல்லை. நோய் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க 20 லிட்டர் டப்பில் நான்கு வாரம். அதற்கான ஸ்பான்ஜ் ஆரம்பத்திலிருந்தே பெரிய தொட்டிக்குள் கூடுதலாக ஓடியது. பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு, வலையால் மீனை மட்டும் மாற்றினேன். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. பெரிய தொட்டியின் பாக்டீரியா பட்டினி கிடக்காமலிருக்க இரண்டு நாளுக்கு ஒருமுறை அமோனியாக் கரைசல் 9 மில்லி.

பாப்பா டப்பை விட்டு நகரவில்லை.

ஏப்ரல் 12
ஆறும் தின்றன. அமோனியா 0.

ஏப்ரல் 15
ஒரு பெண் மீனின் வாலில் உப்புத்தூள் அளவு வெள்ளைப் புள்ளி. ஒன்றா, இரண்டா? டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு. வெள்ளைப்புள்ளி நோய், ஒட்டுண்ணியால் வருவது. ஒட்டுண்ணி தோலுக்கடியில் இருக்கும்போது மருந்து எட்டாது. உதிர்ந்து, பெருகி, நீந்தி அடுத்த மீனைத் தேடும் கட்டத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்ததும் நிறுத்தக் கூடாது. அயோடின் கலக்காத கல்லுப்பு லிட்டருக்கு 2 கிராம்: இன்று 20 கிராம் கரைத்து ஊற்றினேன், நாளை இன்னொரு 20. டப்பின் வலை, குழாய், வாளி எதுவும் பெரிய தொட்டிப் பக்கம் போகக் கூடாது.

ஏப்ரல் 16
இரண்டாவது 20 கிராம் போட்டாச்சு. ஆண் மீனின் துடுப்பில் மூன்று புள்ளி. தின்கிறது.