'மொரொட்' முதல் 'கிடொர்ட்' வரை

ஹங்கேரிய 'மொரொட்' என்றால் இரு, தங்கு. ஜெர்மனில் 'ப்ளைபன்', ஆங்கிலத்தில் 'ஸ்டே' அல்லது 'ரிமைன்'. மொழிபெயர்க்கும்போது முன்னொட்டு சேர்ந்தால்தான் சிக்கல். 'மெக்மொரொட்' அழியாமல் மிஞ்சுவது. 'எல்மொரொட்' என்றாலோ நிகழ்ச்சி நடக்காமல் போவது. தங்கும் பொருளே காணாமல் போகிறது, ஜெர்மனில் 'ஆவுஸ்ஃபாலன்' என்றே எழுத வேண்டும்.

அதிகம் வழுக்கும் சொல் 'கிடொர்ட்'. 'கி' வெளியே, 'டொர்ட்' பிடி. அப்படியே உடைத்து ஜெர்மனாக்கினால் 'ஆவுஸ்ஹால்டன்' வரும். ஆனால் அது பெரும்பாலும் வலியையோ வெயிலையோ தாங்குவது. அதற்கு ஹங்கேரியர் சொல்வது 'கிபீர்'. 'கிடொர்ட்' குறிப்பதோ கொண்ட நிலையை விடாமல் நிற்பது; அதற்கு ஜெர்மனில் 'டுர்ஹ்ஹால்டன்' அல்லது 'ஆவுஸ்ஹாரன்', ஆங்கிலத்தில் 'ஹோல்ட் அவுட்'. அழகான விலக்கும் உண்டு: பாட்டில் ஒரு சுரத்தை நீட்டிப் பிடிப்பதற்கு 'கிடொர்ட்', 'ஆவுஸ்ஹால்டன்' இரண்டும் அச்சாகப் பொருந்தும்.

எதிர்மறையில் முன்னொட்டு வினைக்குப் பின்னே போய்விடும்: 'நெம் பீரொம் கி', என்னால் தாங்க முடியவில்லை. 'கி'யைத் திரும்ப முன்னே ஒட்டிய பிறகே அகராதியைப் புரட்டுங்கள். வெறும் 'பீர்' வேறு பொருள்களுக்கு இழுத்துப் போகும். இந்த எதிர்மறைக்கு ஆங்கில 'ஸ்டாண்ட்' கச்சிதம். உடன்பாட்டு வாக்கியத்தில் அது பெரும்பாலும் ஒட்டாது, 'என்ட்யூர்' பாருங்கள்.

எதிர்க்காமல் பொறுத்துப்போவது 'ட்யூர்'. அதற்கு ஜெர்மன் 'டுல்டன்'.