பழைய போர்ஷே கேமன் வாங்கும் முன் செய்த இன்ஸ்பெக்‌ஷன்: என் அனுபவம்

நான் பார்த்தது போர்ஷேயின் ஸ்போர்ட்ஸ் கார், 2007 மாடல் கேமன் எஸ், 3.4 லிட்டர், மேனுவல் கியர். ஓட்டிப் பார்த்தபோது குறையே தெரியவில்லை. அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடலாம் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் நான் போனபோதே எஞ்சின் சூடாக இருந்தது உறுத்திக்கொண்டே இருந்ததால், தனியாக ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

விற்பவர் உடனே ஒத்துக்கொண்டார். வழக்கமாக சர்வீஸ் செய்யும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாமே, அவர்களுக்கு இந்த வண்டி அத்துப்படி என்றார். அங்கேதான் நான் பிடிவாதமாக நின்றேன். அவருடைய மெக்கானிக் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் பல வருடமாக வந்து போகிற வாடிக்கையாளரின் வண்டியைப் பற்றி முகம் தெரியாத என்னிடம் முழுசாகச் சொல்வாரா? பழைய பில்களை மட்டும் அங்கிருந்து வாங்கித் தரச் சொன்னேன். பிறகு போர்ஷே எஞ்சினைப் பிரித்து வேலை செய்த அனுபவமுள்ள, விற்பவருக்கு அறிமுகமே இல்லாத ஒருவரைத் தேடிப் பிடித்தேன். கூலி என்னுடையது, ரிப்போர்ட்டும் எனக்குத்தான் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை எழுதி, விற்பவருக்கும் முன்கூட்டியே அனுப்பி சம்மதம் வாங்கினேன். இதை யாரும் தவற விடாதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளே கேமரா விடுவோம், ஆயில் ஃபில்டரைத் திறப்போம் என்று வண்டி லிஃப்டில் ஏறிய பிறகு சொன்னால் எந்த ஓனரும் தயங்கத்தான் செய்வார். மெக்கானிக் இன்னொன்றும் கேட்டார்: முந்தின இரவிலிருந்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது, சூடான எஞ்சினில் சில கோளாறுகள் வெளியே தெரியாது. வொர்க்‌ஷாப்புக்கு ஓட்டி வந்தாலே சூடாகிவிடும் என்பதால், காலையில் அவரே விற்பவர் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் புகைக்குழாய் முனையைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் லேசாக ஒரு டக் டக் சத்தம், எஞ்சின் சூடான பிறகும் அது போகவில்லை. முதல் தடவை ஓட்டியபோது அது என் காதில் விழவே இல்லை. வால்வைத் தள்ளும் டேப்பட்டின் சத்தம்தான் என்றார் விற்பவர். மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை.

வொர்க்‌ஷாப்பில் முதலில் கம்ப்யூட்டரைச் சொருகினார். எஞ்சின் மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பது அதில் இருக்கும். 78,000 கிலோமீட்டருக்கு 2,140 மணி நேரம், அதாவது மணிக்குச் சராசரி 36 கிலோமீட்டர், நம்பக்கூடிய கணக்கு. மீட்டரைக் குறைத்திருந்தால் இந்தச் சராசரி பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போய்விடும். அடுத்து ஓவர்-ரெவ் பதிவு. ஐந்தாவது கியரிலிருந்து நாலுக்குப் பதிலாகத் தவறி இரண்டில் போட்டுவிட்டால், எஞ்சின் வேகத்துக்கு எல்லை போடும் லிமிட்டர் இருந்தும் எஞ்சின் அதை மீறிச் சுற்றும், அது ஆறு நிலைகளாகப் பதிவாகும். நாலிலிருந்து மேலே இருப்பவைதான் கவலைக்குரியவை. இதில் நாலாவது நிலையில் கொஞ்சம் இருந்தது, ஆனால் நடந்தது 910ஆவது மணியில். அதற்கப்புறம் 1,200 மணிக்கும் மேல் ஓடிவிட்டதால் பரவாயில்லை என்றார்.

பெயிண்ட், பிரேக் எல்லாம் சரி. பின் டயர்களில் பட்டன் இருந்தும் 3114 என்று அச்சாகியிருந்தது, 2014இன் 31ஆவது வாரம் செய்தவை, ரப்பர் கட்டையாகிவிட்டது. அடுத்து ஐஎம்எஸ் பேரிங், அதாவது எஞ்சினுக்குள் சுற்றும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங், அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். இந்த மாடலில் எஞ்சினைப் பிளக்காமல் அதை எடுக்க முடியாது, அதனால் அது தேய்ந்து துகள் உதிர்ந்திருக்கிறதா என்று ஆயில் ஃபில்டரின் மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்து, காந்தம் வைத்துத் தேடினார். இரும்புத் துகள் எதுவும் இல்லை.

கடைசியாகத்தான் கேமரா. ஐந்து சிலிண்டர்கள் சுத்தம். ஆறாவதில் பிஸ்டனைக் கீழே இறக்கியதும் திரையில் சுவர் தெரிந்தது: மேலிருந்து கீழாக நீள நீளமாக, விரல் நகம் மாட்டும் ஆழத்தில் கருத்த கோடுகள். இந்த எஞ்சின்களில் பிஸ்டன் மேலுள்ள பூச்சு தேய்ந்துபோய் சிலிக்கன் கலந்த அலுமினியச் சுவரைக் கீறிவிடுவது தெரிந்த கோளாறுதான். காலையில் கேட்ட சத்தமும் இதுதான். கீறல் விழுந்துவிட்டால் எஞ்சினை முழுசாகப் பிரித்து சிலிண்டரைப் புதுப்பிப்பது தவிர வேறு வழியில்லை.

விற்பவர் திரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு நிஜமாகவே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். விலையை நிறையக் குறைக்கத் தயாராக இருந்தார், நான் வேண்டாமென்று சொல்லிவிட்டு, படங்களை மட்டும் அவருக்கும் அனுப்பி வைத்தேன், சரி செய்ய அவருக்கு உதவும்.

இப்போது 2010 மாடல் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதில் எஞ்சினே வேறு, ஐஎம்எஸ் ஷாஃப்டே கிடையாது. ஆனாலும் அதே மெக்கானிக்கிடம் நாள் கேட்டாயிற்று, வண்டியை முந்தின இரவு ஸ்டார்ட் செய்ய வேண்டாமென்று அந்த ஓனரிடமும் சொல்லிவிட்டேன்.