முனைவர் பட்ட உதவித்தொகை: ஆஸ்திரேலியத் தெரிவுக்குழு எதைப் பார்க்கிறது?

ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆய்வு மாணவர்களுக்கு நெறியாளராக இருந்து வருகிறேன். எங்கள் புலத்தின் உதவித்தொகைத் தெரிவுக்குழுவிலும் அவ்வப்போது அமர்வதுண்டு. தமிழ்நாட்டிலிருந்து வரும் மின்னஞ்சல்களில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுவது, "எனக்கு எம்.எஸ்ஸி.யில் 85 விழுக்காடு இருக்கிறது, உதவித்தொகை கிடைக்குமா?" என்ற கேள்விதான். அந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஏன் பதில் சொல்ல முடிவதில்லை என்பதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஆய்வில் சேர அனுமதி பெறுவதும் உதவித்தொகை பெறுவதும் வெவ்வேறு முடிவுகள். சேர்க்கைக்குக் குறைந்தபட்சத் தகுதி ஒன்று உண்டு. அதைத் தாண்டியவருக்கு, நெறியாளர் ஒருவர் இசைந்தால், இடம் கிடைத்துவிடும். உதவித்தொகையில், தாண்டினாலே கிடைத்துவிடும் என்று சொல்லத்தக்க வரம்பு எதுவும் இல்லை. அந்தச் சுற்றில் விண்ணப்பித்த அனைவரையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி, பணம் எந்த இடத்தில் தீர்கிறதோ அங்கே கோடு கிழிப்பார்கள். சென்ற ஆண்டு தேர்வானவரின் மதிப்பெண்ணோடு உங்கள் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லாததற்கு இதுவே காரணம். ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வு, இதற்கு மாறாக, வெறும் வரம்பு மட்டுமே; 6.5 கேட்கும் இடத்தில் 8 எடுத்தவர் அதனால் வரிசையில் மேலே ஏறிவிடுவதில்லை.

பணம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் குழுவின் மனப்போக்கும் விளங்கும். பெரும்பகுதி, 2017-இல் பழைய பல திட்டங்களை ஒன்றாக்கிக் கூட்டரசு தொடங்கிய ஆய்வுப் பயிற்சித் திட்டத்தின், அதாவது எல்லோரும் ஆர்.டி.பி. என்று குறிப்பிடும் திட்டத்தின், நிதியிலிருந்து வருகிறது. அரசு ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிடும். யாருக்குத் தருவது என்பதைப் பல்கலைக்கழகமே தன் விதிகளின்படி முடிவு செய்துகொள்ளலாம். 2025-இல் முழுநேர மாணவருக்கான குறைந்தபட்ச வாழ்க்கைச் செலவுத் தொகை ஆண்டுக்கு 33,511 ஆஸ்திரேலிய டாலர். பல்கலைக்கழகத்துக்கு அரசு கொடுக்கும் அந்த மொத்தத் தொகையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வெளிநாட்டு மாணவர்களுக்குச் செலவிடக் கூடாது என்ற வரம்பு இருப்பதாலும், வெளிநாட்டவருக்கு வாழ்க்கைச் செலவோடு கல்விக் கட்டணத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருப்பதாலும், நம் மாணவர்கள் போட்டியிடும் வரிசை உள்நாட்டு மாணவர்களின் வரிசையைவிட மிகவும் நெருக்கமானது.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியமானது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது என்பதைக் கணக்கிடும்போது பாதி எடை, அங்கே ஆய்வுப் பட்டத்தை முடித்து வெளியேறியவர்களின் எண்ணிக்கைக்குச் செல்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பது கணக்கில் வராது. அதோடு, ஆஸ்திரேலிய முனைவர் பட்டத்தில் பெரும்பாலும் பாடநெறிகள் கிடையாது. முதல் மாதத்திலிருந்தே ஆய்வுதான், மூன்றரை நான்கு ஆண்டுகளில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட வேண்டும். ஆகவே குழுவில் இருப்பவர்கள் வெளிப்படையாகச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படிக்கும்போது அவர்கள் மனத்தில் ஓடுவது, இவர் தனியாக ஓர் ஆய்வைத் தொடங்கி முடித்ததற்குச் சான்று இருக்கிறதா என்பதுதான்.

இங்கேதான் 85 விழுக்காடு திணறுகிறது. ஆஸ்திரேலிய மாணவர் மூன்றாண்டு இளநிலைப் படிப்புக்குப் பின் ஹானர்ஸ் என்ற நான்காம் ஆண்டைப் படிக்கிறார். அதில் கணிசமான பகுதி, தனி ஒருவராக எழுதி மதிப்பிடப்படும் ஆய்வேடு. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 80 அல்லது அதற்கு மேல் எடுத்தால் ஹானர்ஸ் முதல் வகுப்பு. உதவித்தொகை வரிசைக்குள் நுழைய அந்த முதல் வகுப்போ அதற்கு இணையான ஒன்றோ வேண்டும் என்பது பரவலான நடைமுறை. வெளிநாட்டுப் பட்டங்களை எல்லாம் அந்த ஓர் அளவுகோலுக்கு மாற்றித்தான் ஒப்பிடுகிறார்கள். மாற்றும்போது மதிப்பெண்ணோடு, படித்த நிறுவனம் எது, படிப்பில் தனிநபர் ஆய்வின் பங்கு எவ்வளவு, அது தனியே மதிப்பிடப்பட்டதா என்பனவும் பார்க்கப்படுகின்றன. நான்கு பேர் சேர்ந்து செய்த பொறியியல் இறுதியாண்டு புராஜெக்ட், அது எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், இந்த இடத்தில் எடைகுறைந்துதான் நிற்கும், ஏனெனில் நால்வரில் யார் எதைச் செய்தார் என்று மதிப்பெண் பட்டியல் சொல்வதில்லை.

தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு இந்த இடைவெளியை முன்பு எம்.ஃபில். நிரப்பியது. அதன் தரம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபட்டது என்பது உண்மைதான். ஆனாலும் ஒருவர் தனியாக எழுதிய ஆய்வேடு ஒன்று கையில் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளில் எம்.ஃபில். நிறுத்தப்பட்டது. அதற்குப் பின் வருகிறவர்கள், முதுகலையின் கடைசிப் பருவத்து ஆய்வேட்டை ஏனோதானோவென்று முடித்துவிடாமல், அதன் பக்க அளவு, கிரெடிட், தனி மதிப்பெண் ஆகியவற்றைத் துறைத்தலைவரிடம் கடிதமாக வாங்கி இணைப்பது நல்லது. இந்த ஒரு தாள் இல்லாததால் விண்ணப்பம் ஒரு படி கீழே இறங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

வெளியீடுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நல்ல, சரிபார்க்கப்பட்ட ஆய்விதழில் முதல் ஆசிரியராக ஒரு கட்டுரை இருந்தால் அது உறுதியாக உதவும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடும் இதழ்களில் பத்துக் கட்டுரைகள் இருப்பது உதவாது. எனக்கென்னவோ அது ஐயத்தைத்தான் கிளப்புகிறது.

பரிந்துரைக் கடிதங்களில் நம் பேராசிரியர்கள் எழுதும் முறை மாணவருக்கு எதிராகவே வேலை செய்கிறது. "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி, பணிவானவர்" என்ற மூன்று வரிகளால் குழுவுக்கு எதுவும் தெரிய வராது. இந்த மாணவர் எந்தச் சிக்கலை எடுத்தார், எங்கே முட்டினார், எப்படி வெளியே வந்தார், தாம் வழிகாட்டியவர்களில் இவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று நான்கு வாக்கியம் எழுதினால் போதும். பதவியில் பெரியவரான முதல்வரைவிட ஆய்வை நேரில் பார்த்த உதவிப் பேராசிரியரின் கடிதமே மேலானது.

வெளியே அதிகம் பேசப்படாத இன்னொன்று, நெறியாளரின் ஆதரவு. உங்கள் தலைப்பு தம் ஆய்வோடு பொருந்துகிறது, தம்மிடம் இடமும் கருவியும் உண்டு என்று அவர் எழுதும் குறிப்பு பல இடங்களில் மதிப்பீட்டில் சேர்கிறது. ஐம்பது பேருக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பியவருக்கு அந்தக் குறிப்பு கிடைப்பதில்லை.

இந்த முறை நியாயமானதா என்றால், முழுக்க இல்லை என்றே சொல்வேன். ஆய்வுக்கூடமே இல்லாத கல்லூரியில் படித்தவரையும் ஐ.ஐ.டி.யில் படித்தவரையும் ஒரே அட்டவணையில் நிறுத்தும்போது, யாருக்குச் சாதகம் என்பது தெளிவு. கிடைத்த வாய்ப்பின் அளவை வைத்துச் சாதனையை மதிப்பிட வேண்டும் என்ற கொள்கை ஆஸ்திரேலிய ஆய்வு மன்றத்தின் நிதி மதிப்பீட்டில் நிலைபெற்றது; பல பல்கலைக்கழகங்கள் உதவித்தொகைக்கும் அதைக் கடைப்பிடிக்கின்றன. குடும்பப் பொறுப்பு, நோய், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தது, கல்லூரியில் வசதி இல்லாதது ஆகியவற்றை எழுத விண்ணப்பத்தில் இடம் இருந்தால் அதை வெறுமையாக விடாதீர்கள். கூச்சத்தால் நம் மாணவர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். எழுதாததைக் குழு தானாக ஊகித்துக்கொள்ளாது.

வரிசை வெளியான பின்னும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. மேலே இருப்பவர்கள் நாலைந்து இடங்களில் விண்ணப்பித்திருப்பார்கள்; அவர்கள் வேறிடத்தை ஏற்கும்போது தொகை அடுத்தவருக்கு இறங்கும், இது சில வாரங்கள் வரைகூட நீளும். முதல் அழைப்பில் பெயர் வராதவர்கள், தாங்கள் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறார்களா என்று ஆய்வு மாணவர் அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம்.