சீட்டில் எழுதிய பெயர்

"என் கணக்குல பிடிச்சுக்கோங்கண்ணா. சீட்டுல மட்டும் அவன் பேரை எழுதாதீங்க."

2023 செப்டம்பர், பெங்களூரு பக்கம் சிங்கேன அக்ரஹாரா காய்கறி மண்டி. நான் அங்கே கணக்கு எழுதுகிறவன். சரக்குக்கு விலையும் பிடித்தமும் போட்டு விவசாயிக்குக் கொடுப்பதுதான் சீட்டு. சொன்னவர் ராயக்கோட்டைப் பக்கத்துக்காரர். ஜூலையில் 15 கிலோ தக்காளிப் பெட்டி, அதாவது ஒரு கிரேட், 2000 ரூபாயைத் தாண்டியபோது, மச்சானுக்காக, பின்னால் அனுப்பும் சரக்கில் கழிக்கிறபடி, எங்களிடம் 20,000 முன்பணம் வாங்கிக் கொடுத்திருந்தார். மச்சானுடையது குத்தகை நிலம். சொந்தப் பட்டா இருந்தால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும், தவணைக்குள் கட்டினால் வட்டியும் இல்லை. மண்டியில் பட்டாவுக்குப் பதில் ஒருத்தர் வாய்ச்சொல் போதும்.

நாற்று நட்டு 65, 70 நாளில் முதல் பறிப்பு. ஜூலை விலையைப் பார்த்து நட்டவர்கள் எல்லாரும் ஒன்றாகப் பறித்தார்கள். கிரேட் 70 ரூபாய். 50 கிரேட்டுக்கு 3500. கமிஷன் 350, லாரி 1000, இறக்குகூலி 150 போக 2000. பறிக்க ஐந்து பெண்களுக்குக் கூலி 1750. மிச்சம் 250. மச்சான் சரக்கு அனுப்புவதை நிறுத்தியதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன். கைமாத்து கேட்கவும் வழியில்லை, பங்காளிகள் எல்லாருமே தக்காளிதான் போட்டிருந்தார்கள். பால் ஊற்றுகிறவர், பீன்ஸ் போட்டவர் கையில்தான் காசு. மச்சானுக்காகப் பேசிய இவர் பீன்ஸ் போட்டவர்.

அவருடைய பீன்ஸ் சீட்டில் 5000 பிடித்தேன். பக்கத்தில் மச்சான் பெயரையும் எழுதினேன். யார் பாக்கி என்று இல்லாமல் பிடித்தால் நாளைக்கு இவரே சண்டைக்கு வரலாம், முதலாளியும் கேட்பார். ஆனால் மண்டிக் கணக்குப் புத்தகமான பேரேட்டில் எழுதினாலே போதுமே. சீட்டு எதற்கு? கை பழக்கம்.

ஊர்ச் சீட்டுகள் மொத்தமும் லாரி டிரைவர் சட்டைப்பையில்தான் போகும். அடுத்த நடவுக்கு மச்சானுக்குக் கொடி கட்டும் தைலமரக் குச்சி இரவல் கிடைக்கவில்லை, கூலியில்லாமல் மாற்றி மாற்றி வேலை செய்யும் மாத்தாளுக்கும் யாரும் வரவில்லை என்று அதே டிரைவர்தான் பிறகு சொன்னார். என் எழுத்தால்தானா? தெரிந்த கிராமத்தில் கடன் எப்படியும் தெரிந்திருக்கும். அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் பாக்கி இருப்பது ஊருக்குத் தெரிவது வேறு, அக்கா புருஷன் சீட்டிலேயே பிடித்தார்கள் என்று படித்துக்காட்டுவது வேறு.

இப்போதெல்லாம் சீட்டில் 'பழைய பாக்கி' என்று மட்டும் எழுதுகிறேன். போன வாரம் ஒருவர் சீட்டை நீட்டி, "இது யார் பாக்கிண்ணா?" என்றார். பேரேட்டைப் புரட்டித்தான் சொல்ல முடிந்தது. அவர் அதை நம்பின மாதிரித் தெரியவில்லை.