கர்சன் பொறந்த வீட்டுக்குப் போயிருந்தோம்

ஸ்கூல் ஹிஸ்டரில கர்சன்னா 1905 வங்கப் பிரிவினை, ரெண்டு மார்க் கேள்வி, அவ்ளோதான். அந்த மனுஷன் 1859ல பொறந்த கெடல்ஸ்டன் ஹால் இங்கிலாந்துல டெர்பி ஊர்லேர்ந்து ஆறேழு கிலோமீட்டர்தான், இப்ப பழைய கட்டடங்கள பாதுகாக்கற நேஷனல் டிரஸ்ட்ங்கற அமைப்பு பாத்துக்கறாங்க, டிக்கெட் எடுத்தா யார் வேணா உள்ள போலாம்.

800 வருஷத்துக்கு மேல ஒரே குடும்பம் வெச்சிருந்த நிலம். 18ஆம் நூற்றாண்டுல இந்த மாளிகையும் பார்க்கும் வர்றதுக்காக அங்க இருந்த கிராமத்தையே காலி பண்ணி தள்ளி வெச்சுட்டாங்க, பழைய சர்ச் மட்டும் தப்பிச்சு வீட்டை ஒட்டி நிக்குது. உள்ள போனதும் மார்பிள் ஹால், அலபாஸ்டர்ங்கற பளிங்கு மாதிரி கல்லுல 20 பெரிய தூண், கழுத்து வலிக்கற வரைக்கும் அண்ணாந்து பாத்தேன். கல்கத்தா கவர்னர் மாளிகைய கட்டறப்போ இந்த வீட்டோட பிளானைத்தான் மாடலா எடுத்துக்கிட்டாங்க, அதனால கர்சன் 1899ல வைஸ்ராயா போனப்போ சொந்த வீட்டு சாயல்லயே இருந்த இன்னொரு வீட்டுக்குத்தான் குடிபோயிருக்காரு!

கர்சனோட அப்பா ஒரு பாதிரியார், ஸ்கார்ஸ்டேல் பிரபு பட்டமும் அவருக்குத்தான், நிலக்காரன் ஊர் சுத்தாம நிலத்துலயே கெடக்கணும்னு நெனைக்கற ஆளு. பதினோரு பிள்ளைங்க. பிள்ளைங்கள வளத்தது மிஸ் பாராமன்னு ஒரு கவர்னஸ், அதாவது வீட்டோட இருந்து பாடம் சொல்லித் தர்ற டீச்சர், அடி பின்னிடுவாங்களாம், பொய்யன் கோழைன்னு எழுதின கூம்புத் தொப்பிய மாட்டி வெளில நடக்க விட்டிருக்காங்க. இளவயசுல முதுகுல அடிபட்டு ஆயுசு பூரா இடுப்பையும் முதுகையும் இறுக்கிக் கட்டற, இரும்புப் பட்டை வெச்ச கார்செட் வேற, அந்த வெறப்பான நடைய பாத்து ஊரே திமிருன்னு சொல்லுச்சு. கொஞ்சம் பாவமாத்தான் இருந்துச்சு, கீழ்தளத்துல ஆசியாலேர்ந்து அவர் சேத்துட்டு வந்த பொருளா அடுக்கி வெச்சிருக்கறத பாக்கற வரைக்கும்.

முதல் மனைவி மேரி, சிகாகோ கோடீஸ்வரர் லெவி லைட்டர் பொண்ணு. 1903 டெல்லி தர்பார் சமயத்துல போட்டுக்கிட்ட மயில் கவுன் அவங்களோடதுதான், நம்மூர் ஜர்தோசி ஆளுங்க தங்க வெள்ளிக் கம்பில துணி பூரா மயிலிறகா இழைச்சு, அது பாரிஸ் போயி கவுனா தெச்சு வந்திருக்கு. ஒவ்வொரு இறகோட கண்ணுலயும் பச்சையா மின்னறது கல்லுன்னு நெனைப்போம், இல்ல, பொன்வண்டோட றெக்கை! உடுத்தினவங்க பேரு எல்லாருக்கும் தெரியும், ராப்பகலா ஊசி பிடிச்சவங்கள யாரு கேக்கறா.

மேரி 1906ல போயிட்டாங்க. அவங்களுக்காக சர்ச்சுல கர்சன் கட்டின சேப்பல்ல தரை பூரா பச்சைக் கல்லு, நடுவுல வெள்ளைப் பளிங்குல மேரி படுத்திருக்காங்க, பக்கத்துலயே இவரும். மூணும் பொண்ணுங்க, பையன் இல்ல, அதனால அவருக்குக் கெடச்ச மார்க்விஸ்ங்கற பிரபு பட்டம் 1925ல அவர் சாகறப்போ அவரோடயே போச்சு. 1923ல கைக்கெட்டின பிரிட்டிஷ் பிரதமர் பதவியும் பால்ட்வினுக்குப் போயிருந்துச்சு.

ரெண்டாவது மனைவி கிரேஸ் கதைதான் டாப்பு. சர்ச்சுக்கு அடியில குடும்பக் கல்லறைல சவப்பெட்டி வைக்கற ஒரு தட்டு மேல "ரெண்டாவது லேடி கர்சனுக்கு ஒதுக்கப்பட்டது"ன்னு கர்சனே எழுதி வெச்சிருந்தாராம். அந்தம்மா அங்க வரவே மாட்டேன்னு வேற இடத்துல தன்னை புதைக்கச் சொல்லிட்டாங்க.