உழக்கு நெய்

என் மகள் குறைமாதத்தில் பிறந்து, இனி பயமில்லை என்று மருத்துவர் சொன்ன அன்றே, தஞ்சைப் பெருவுடையார் சந்நிதி விளக்குக்கு உழக்கு (கால் படி) நெய் சேர்ப்பதாக அம்மா நேர்ந்துகொண்டார். பேத்திக்கு இப்போது 11 வயது. முழங்கால் வலி முற்றி, இனித் தம்மால் படியேற முடியாது என்று உறுதியான பிறகு, சென்ற சனிப் பிரதோஷத்தன்று பாட்டி காலத்துப் பித்தளை உழக்கால் அளந்து, தூக்குவாளியில் ஊற்றி, "குறையாம கொண்டுபோய்ச் சேர்த்துடும்மா" என்று என் கையில் கொடுத்தார்.

கேரளாந்தகன் திருவாசலைத் தாண்டுவதற்குள்ளேயே, பணம் கொடுத்தால் வரிசையில் நிற்காமல் அழைத்துப் போவதாக ஒருவர் பின்தொடர்ந்து நச்சரித்தார். நந்தி மண்டபத்தைச் சுற்றி நிற்கவும் இடமில்லை. அபிஷேகத்தைக் கண்ணால் காண்பதைவிடக் கைப்பேசியில் பிடிப்பதிலேயே பலர் முனைந்திருந்தது மனத்தை வருத்தியது. நெய் சிந்திவிடுமோ என்ற கவலையில் விலகி, விமானத்தின் அடித்தளத்தை ஒட்டி நடந்தேன்.

அங்கே வரிவரியாக எழுத்துகள். தம் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், விமானத்து உச்சிக்குச் செப்புக் குடம் அளித்த இராஜராஜ சோழர், அடுத்த ஆட்சியாண்டிலேயே, "நாம் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று பணித்தார். ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்துக்குக் கருங்கல்லை அடுக்கியதைவிட, அந்த 'மற்றும் குடுத்தார்' என்ற இரு சொற்களே எனக்குப் பெரிதாகப் படுகின்றன. அக்கன் குந்தவையார் தம் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனிகள் செய்து இங்கே எழுந்தருளுவித்தார். விளக்குகளுக்கென விடப்பட்ட கால்நடைகளை ஏற்றுக்கொண்ட இடையர்களின் பெயர்களும் கல்லில் உள்ளன. ஒரு திருவிளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். அதற்கு ஈடாக, ஆடவல்லான் என்று இறைவன் பெயரே இட்ட அளவையால் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். அம்மா கல்வெட்டு எதையும் படித்தவர் அல்லர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அளந்த அதே உழக்கை அவர் வாயில் வரவழைத்தவர் யார் என்று எண்ணியபோது என் கை நடுங்கியது.

வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றேன். நெருக்கடியில் ஒருவர் முழங்கை இடித்து வாளி சாய்ந்தது; முந்தானையால் மூடியை இறுகப் பிடித்துக்கொண்டு, ஐந்தெழுத்தைச் சொல்லியபடியே முன்னேறினேன். உள்ளே குளிர்ந்த இருளில், முதலில் லிங்கத்தின் பீடமான ஆவுடையார் மட்டுமே தெரிந்தது. தீபாராதனையின் ஒளி மெல்ல மேலேற, பட்டைத் திருநீற்றுடன் பெருவுடையார் உயர்ந்துகொண்டே போனார். அண்ணாந்து பார்த்தும் முடியை ஒரே பார்வையில் எட்ட முடியவில்லை. கேட்பதற்கென்று வைத்திருந்த ஒன்றும் நினைவில் இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சுக்குத் தவித்த அந்தச் சின்ன மார்பு மட்டுமே கண்முன் வந்தது. என் அப்பனே, பிச்சையிட்டாயே, பிச்சையிட்டாயே என்று வாய்விட்டு அழுதேன். நகரச் சொல்லிப் பின்னாலிருந்து குரல்கள் எழுந்தன. குருக்கள் மட்டும் வாளியை வாங்கி, ஒரு சொட்டும் விடாமல் விளக்கில் ஊற்றி, வெறும் வாளிக்குள் திருநீறும் இரண்டு வில்வ இலைகளும் இட்டுத் திருப்பித் தந்தார்.

இரவு வீடு சேர்ந்தபோது அம்மா உறங்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாளியைத் திறந்து, நெய்ப்பசையில் குழைந்திருந்த திருநீற்றை விரலால் வழித்து, தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் நெற்றியில் பூசினார்.